'பாகம் கிடைக்காது' என்பது கடைசிச் சொல்

(சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



மேசைமேல் இருக்கும் இந்த டர்ன்டேபிள் பெட்டியைப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் இருக்கும் தம்பி ஒருவர், "அங்கிள், இது சுத்துமா?" என்று கேட்டார். சுற்றும். ஆறு மாதத்துக்கு முன்னால் சுற்றவில்லை. தோ பாயோவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பத்திடமிருந்து வந்தது. கூடவே இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள்: டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா, சீர்காழி கோவிந்தராஜன், எம்.எஸ். சுப்புலட்சுமி, நடுநடுவே திரைப்படக் கதை வசனத் தட்டுகள்.

கொண்டுவந்த அம்மா சொன்னார்: "அப்பா போன பிறகு யாரும் போட்டுக் கேட்கல. கடையில காட்டினோம். ஐசி போயிடுச்சு, அந்த ஐசி இப்ப வர்றதில்ல, தூக்கிப் போட்டுடுங்கன்னாங்க."

"மூடியைக் கழற்றிப் பார்த்தாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, பார்த்த உடனே சொல்லிட்டாங்க."

எந்தக் கடை என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவேண்டாம். இன்று நான் பேசப்போவது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி. 'பாகம் கிடைக்காது.' அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல நேரம் உண்மைதான். ஆனால் அது பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு மருத்துவர் தயங்கிச் சொல்லவேண்டிய சொல். நாடி பிடிப்பதற்கு முன்னாலேயே சொல்லக்கூடாது.

தையல் மெஷினும் குயவர் சக்கரமும்

இசைத்தட்டைச் சுற்றவைக்க மூன்று வழி உண்டு. பழைய வழியில் மோட்டார் ஒரு பக்கம் வேகமாக ஓடும். ஒரு ரப்பர் சக்கரம் அதைத் தொட்டுக்கொண்டு, இசைத்தட்டைத் தாங்கும் தட்டின் விளிம்பைத் தள்ளும். இரண்டாவது வழி, பெல்ட். நம் வீட்டுத் தையல் மெஷின் எப்படி? கீழே பெரிய சக்கரம், மேலே சின்னச் சக்கரம், நடுவே தோல் வார். அதே கதைதான். இரண்டிலும் மோட்டார் ஓடும் வேகம் வேறு, தட்டு சுற்றும் வேகம் வேறு.

மூன்றாவது வழிதான் டைரக்ட் டிரைவ். இதற்குக் குயவர் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பானை சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நடுவில் வாரும் இல்லை, பல்லும் இல்லை. மோட்டாரின் அச்சுதான் தட்டின் அச்சு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றவேண்டுமானால் மோட்டாரும் அதே 33⅓ சுற்றுத்தான் சுற்றவேண்டும்.

கேட்க எளிது. அவ்வளவு மெதுவாக ஒரு மோட்டாரைத் தடுமாறாமல் ஓடவைப்பதுதான் கடினம். ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் ஷூயிச்சி ஒபாட்டா என்ற பொறியாளரின் குழு அதைச் செய்துகாட்டியது. 1970இல் டெக்னிக்ஸ் எஸ்பி-10 விற்பனைக்கு வந்தது. 1972இல் எஸ்எல்-1200, 1979இல் அதன் மார்க் 2. உலகமெங்கும் வானொலி நிலையங்கள் எஸ்பி-10ஐ வாங்கின. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஹிப்-ஹாப் பிறந்தபோது டிஜேக்கள் கையில் இருந்தது இந்த இனம்தான். 1991இல் ஜியாக் கிம் தெருவின் பழைய கிடங்குகளில் தொடங்கிய நம்மூர் சூக் கேளிக்கை விடுதியின் காலத்து டிஜேக்களைக் கேளுங்கள், எஸ்எல்-1200 என்றால் கண் மின்னும். விரலால் தட்டைப் பிடித்து நிறுத்தலாம், விட்டால் கண் இமைக்கும் நேரத்தில் பழைய வேகத்துக்கு வந்துவிடும். மார்க் 2 நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்கு வர எடுக்கும் நேரம் 0.7 விநாடி.

சரி, அது எப்படி வேகத்தை மாறாமல் வைத்திருக்கிறது? பால் காய்ச்சுவதைப்போல. பொங்கி வருகிறதா, அடுப்பைக் குறை, அடங்கிவிட்டதா, கூட்டு. கண் பாலின் மேல், கை அடுப்பின் மேல். டைரக்ட் டிரைவுக்குள்ளும் ஒரு கண் இருக்கிறது, ஒரு கை இருக்கிறது. தட்டு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை ஒரு சுருளோ காந்தத் தலையோ ஓயாமல் அளக்கும். குவார்ட்ஸ் படிகம் ஒன்று, கைக்கடிகாரத்தில் இருப்பதுபோல, 'இதுதான் சரியான வேகம்' என்று தாளம் போட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் சுற்று, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும்.

இந்த ஒப்புமையை நினைவில் வையுங்கள், பழுதுபார்ப்பதில் பாதி இதிலேயே இருக்கிறது. தட்டு ஒரே பாய்ச்சலாக, கட்டுக்கடங்காத வேகத்தில் சுற்றுகிறது என்று ஒருவர் வருவார். அவர் நினைப்பது மோட்டார் கெட்டுவிட்டது என்று. மோட்டார் கெட்டிருந்தால் எப்படி அவ்வளவு வேகமாக ஓடும்? கெட்டது கண். 'தட்டு சுற்றவே இல்லை' என்று தவறாகப் புரிந்துகொண்டு, கை அடுப்பை முழுதாகத் திறந்துவிட்டது. பாகம் தேட ஓடுவதற்கு முன்னால் பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டீர்கள், பாருங்கள்.

எட்டு ஆண்டுக் கெடு

பாகம் ஏன் கிடைப்பதில்லை? ஜப்பானில் ஒலிக்கருவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு மாதிரியின் உற்பத்தி நின்ற பிறகு சுமார் 8 ஆண்டு வரை அதைப் பழுதுபார்க்கத் தேவையான பாகங்களைத் தயாரிப்பாளர் இருப்பில் வைத்திருப்பார். 1982இல் உற்பத்தி நின்ற பெட்டிக்கு 1990வரை. அந்த ஆண்டில் எல்லாரும் சிடி வாங்கிக்கொண்டிருந்தோம். டர்ன்டேபிள் அலமாரியின் உச்சிக்குப் போனது. இருப்பில் இருந்த பாகங்கள் தீர்ந்தன, மிஞ்சியவை குப்பைக்குப் போயின.

பெரிய நிறுவனத்துக்கே இதே கதிதான். ஏறத்தாழ 35 லட்சம் விற்ற எஸ்எல்-1200 வரிசையின் உற்பத்தி 2010இல் நின்றது. 2016இல் அதை மீண்டும் கொண்டுவந்தபோது, பழைய அச்சுகளைத் தூசு தட்டி எடுத்து ஓட்டிவிடலாம் என்ற நிலை இல்லை. கிட்டத்தட்ட எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவேண்டியிருந்தது. முதலில் வந்த எஸ்எல்-1200 ஜிஏஇ உலகம் முழுமைக்கும் 1,200 பெட்டி மட்டும். அமெரிக்காவில் விலை 4,000 டாலர். ஆறே ஆண்டு இடைவெளியில் செய்தவர்களுக்கே இந்த நிலை என்றால், நாற்பது ஆண்டுக்குப் பிறகு நாம் படும் பாட்டுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மார்க் 2இன் உள்ளே ஏஎன் 6675, ஏஎன் 6680, ஏஎன் 6682 என்று மூன்று ஐசி, அதாவது மின்சுற்றுச் சில்லுகள், உண்டு. அவற்றைச் செய்தது அதே மட்சுஷிட்டா குழுமம், தன் பெட்டிக்காகவே. இது ஒரு முக்கியமான வேறுபாடு. பொது ஐசி என்றால் பத்துக் கம்பெனி செய்யும். ஒன்று நிறுத்தினால் இன்னொன்றிடம் வாங்கலாம். தன் தேவைக்கென்றே செய்த ஐசிக்கு உறவும் இல்லை, வாரிசும் இல்லை. ஆகவே 'ஐசி போய்விட்டது' என்று சொல்வது கனமான சொல். சாட்சி இல்லாமல் அதைச் சொல்லக்கூடாது.

கண், துணி, மீட்டர்

நாற்பது ஆண்டு ஆன பெட்டியில் உண்மையில் எது முதலில் சாகிறது? என் மேசைக்கு வந்தவற்றை வைத்துச் சொல்கிறேன். ஐசி அந்த வரிசையின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது.

முதலில், தொடர்புகள். சுவிட்சு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சறுக்குப் பொத்தான், கேபிள் செருகி. நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். தஞ்சாவூரில் அலமாரியில் இருந்த பெட்டியும் ஈசூனில் அலமாரியில் இருந்த பெட்டியும் ஒன்றல்ல. இங்கே உலோகத்தின் மேல் களிம்பு ஏறும், ரப்பரில் பூஞ்சை பிடிக்கும். வேகம் திடீரென்று கூடுகிறது, குறைகிறது, பொத்தானைத் தொட்டால் சரியாகிறது என்றால் அது களிம்பின் கைவேலை. தொடர்பு சுத்தம் செய்யும் திரவத்தைச் சொட்டுவிட்டு, பொத்தானை முப்பது நாற்பது முறை இப்படியும் அப்படியும் தள்ளுங்கள். பாதிப் பேர் அதோடு பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இரண்டாவது, எண்ணெய். அச்சு நிற்கும் குழிக்குள் இருக்கும் எண்ணெய் காய்ந்து பிசினாகிவிடும். மார்க் 2இன் கையேடு சொல்லும் கணக்கு, 2,000 மணி நேரம் ஓடிய பிறகு இரண்டு மூன்று சொட்டு. தினம் ஒரு மணி நேரம் கேட்டால் ஐந்தரை ஆண்டுக்கு ஒருமுறை. எத்தனை பேர் விட்டிருப்போம்? சமையலறை எண்ணெய் மட்டும் வேண்டாம் அய்யா! தேங்காய் எண்ணெய் விட்ட பெட்டி ஒன்று என்னிடம் வந்தது. மணம் நன்றாக இருந்தது, அச்சு அசையவில்லை.

மூன்றாவது, கப்பாசிட்டர். குறிப்பாக, சின்ன உருளைபோல் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் வகை. உள்ளே ஈரமான ஒரு பசை உண்டு. அது மெல்ல மெல்லக் காய்கிறது. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் ஒரு கணக்கு. திருப்பிச் சொன்னால், மின்மாற்றிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கப்பாசிட்டருக்குத்தான் முதலில் முதுமை வரும்.

நான்காவது, ஈயம். பற்றவைத்த இடங்கள். சூடாகும் பாகத்தின் கால் ஒவ்வொரு முறை பெட்டியைப் போடும்போதும் ஒரு மயிரிழை நீளும், அணைத்தால் சுருங்கும். பல ஆயிரம் முறை. ஈயம் களைத்துப்போய்க் காலைச் சுற்றி வட்டமாக விரிசல் விடும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூதக்கண்ணாடியில், மோதிரம் மாட்டியதுபோல் தெரியும்.

தோ பாயோ அம்மாவின் பெட்டிக்கு வருகிறேன். விளக்கு எரிந்தது, தட்டு அசையவில்லை. தட்டைக் கழற்றி, பலகையைத் திருப்பி, மின்சாரம் வரும் வழியை மீட்டரோடு நடந்து போனேன். மின்மாற்றியிலிருந்து வருகிறது. அடுத்த இடத்திலும் வருகிறது. மின்னழுத்தத்தைச் சீராக்கும் டிரான்சிஸ்டருக்கு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. டிரான்சிஸ்டரைக் கழற்றி அளந்தேன்; அது நல்லவன். அதன் காலைச் சுற்றித்தான் மோதிரம். புது ஈயம் வைத்தேன். காய்ந்த கப்பாசிட்டர்களையும் மாற்றினேன். செலவு, தேக்கா சந்தையில் இரண்டு தட்டு பிரியாணிக்குக்கூட ஆகவில்லை. 'போய்விட்டது' என்று தீர்ப்பளிக்கப்பட்ட ஐசி, பாவம், நாற்பது ஆண்டாக ஒரு குற்றமும் செய்யாமல் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. அதற்குச் சோறு போகவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வரிசை இது: பார், துடை, அள. மூன்றும் முடிந்த பிறகுதான் பாகத்தின் பேச்சு.

அரைக்கட்டை

பழுது நீங்கியதா என்று எப்படிச் சோதிப்பது? தட்டின் விளிம்பில் புள்ளிகள் இருக்கும். மின்விளக்கின் துடிப்பில் அவை அசையாமல் நின்றால் வேகம் சரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். 33⅓ வேகத்துக்கு ஒரு வட்டத்தில் 180 புள்ளி இருந்தால் நிற்கும். 60 ஹெர்ட்ஸ் ஊருக்கான வட்டத்தில் 216 புள்ளி. அமெரிக்காவிலிருந்து வாங்கிய சோதனை அட்டையை வைத்துக்கொண்டு, வேகம் தப்பு என்று பொத்தானைத் திருகித் திருகிப் பெட்டியைக் கெடுத்தவர்கள் உண்டு. ஊர் மாறினால் புள்ளியும் மாறும்.

மார்க் 2இல் புள்ளி நாலு வரிசை. ஒன்று சரியான வேகத்துக்கு. ஒன்று 3.3 விழுக்காடு குறைந்தால் நிற்பது, ஒன்று 3.3 கூடினால், இன்னொன்று 6 விழுக்காடு கூடினால். அந்த 6 என்ற எண்ணைப் பாட்டுக் கற்றவர்கள் கவனியுங்கள். தட்டின் வேகம் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறும். ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடுவார். பாடகருக்கு வயதும் கொஞ்சம் குறைந்ததுபோல் இருக்கும். பெட்டி பல ஆண்டாக வேகமாக ஓடியிருந்தால், பாட்டே அப்படித்தான் என்று வீட்டில் எல்லாரும் பழகியிருப்பார்கள். சரிசெய்து கொடுத்தால், "என்ன, டிஎம்எஸ் குரல் சோர்ந்துபோயிருக்கு?" என்பார்கள். எனக்கு நடந்திருக்கிறது.

வேகம் சராசரியில் சரியாக இருந்தும் உள்ளே ஊசலாடுவது வேறு நோய். மார்க் 2க்குச் சொல்லப்படும் அளவு 0.025 விழுக்காடு; காது அதைப் பிடிக்காது. காய்ந்த கப்பாசிட்டரும் களிம்பும் சேர்ந்தால் அது பல மடங்கு ஆகும். இதைக் கண்டுபிடிக்க மேல்நாட்டார் 3,150 ஹெர்ட்ஸ் சோதனைத் தட்டு வாங்குவார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் நம் வீட்டிலேயே அதற்கு ஒப்பான கருவி இருக்கிறது: தம்பூரா. ஒரு கர்நாடக இசைத்தட்டின் தொடக்கத்தில், வித்வான் வாய் திறப்பதற்கு முன்னால் வரும் சில விநாடித் தம்பூரா ஒலியைக் கேளுங்கள். நாகசுரத்தின் நீண்ட கார்வை, வீணையின் ஒற்றை மீட்டல், 1986இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தட்டில் வயலின் நீட்டிப் பிடிக்கும் இடங்கள், எல்லாம் உதவும். மத்தளத்தில் தெரியாத நடுக்கம் தம்பூராவில் தெரிந்துவிடும். கச்சேரி கேட்டு வளர்ந்த காது எந்த மீட்டருக்கும் இளைத்ததல்ல.

உண்மையிலேயே பாகம் வேண்டியபோது

சரி, பார்த்தாயிற்று, துடைத்தாயிற்று, அளந்தாயிற்று. ஒரு பாகம் உண்மையிலேயே செத்துவிட்டது. இப்போது என்ன?

கப்பாசிட்டர் என்றால் கவலையே இல்லை. இங்கிருந்து பொடிநடையாக ஜாலான் புசாருக்குப் போனால் சிம் லிம் டவர். அருகிலுள்ள சிம் லிம் ஸ்குவேர் கணினிக்கும் கைபேசிக்கும் பேர்போனது. டவர்தான் உதிரிப்பாகக்காரர்களின் ஊர். மைக்ரோபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ, 105 டிகிரி தாங்கும் வகை; மறக்காமல் கூட்டல் கழித்தல் பக்கம் பார்த்து மாட்டவேண்டும். ஒரு எச்சரிக்கை. மின்சாரத்தைத் தேக்கும் இடத்தில் அளவு கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் இடத்தில், 'பெரிசா போட்டால் நல்லது' என்ற தாராளம் வேண்டாம். அங்கே அளவு மாறினால் கை அடுப்பைத் திருகும் வேகம் மாறும், தட்டு தள்ளாடும்.

டிரான்சிஸ்டர் என்றால் மாற்று தேடலாம். பழைய ஜப்பானிய எண்ணுக்கு நிகரான இன்றைய எண் பெரும்பாலும் உண்டு. ஆனால் கால் வரிசையைப் பாருங்கள். ஜப்பானியச் சிறு டிரான்சிஸ்டர்களில் கலெக்டர் நடுக்காலில் இருப்பது வழக்கம். அமெரிக்க 2என்3904இல் நடுக்கால் பேஸ். ஐரோப்பிய பிசி547இலும் நடுக்கால் பேஸ்தான், ஆனால் இரு ஓரமும் இடம் மாறியிருக்கும். குணம் பொருந்தி, கால் பொருந்தாமல் மாட்டி, புகை வந்த பிறகு புத்தகம் பார்ப்பவர்கள் நம்மில் அநேகர். ஜாதகம் மட்டும் பொருந்தினால் போதாது, காலையும் பார்க்கவேண்டும் என்று நான் சொல்வதுண்டு.

ஐசி என்றால் சங்கடம் தொடங்குகிறது. இணையத்தில் தேடினால் அந்த எண் போட்ட ஐசி விற்பனைக்கு இருக்கும். விலையும் குறைவு. மேலெழுத்தைச் சுரண்டிவிட்டு வேறு எண் அச்சடித்த போலிகள் இந்தச் சந்தையில் ஏராளம். வாங்கினால் பலகையில் நேரே பற்றவைக்காதீர்கள். ஒரு சாக்கெட்டைப் பற்றவையுங்கள், ஐசியை அதில் செருகிப் பாருங்கள். போலி என்றால் பிடுங்கி எறியலாம். நாற்பது வயதுப் பலகையின் செம்புத் தடத்தை இரண்டாவது முறை சூடாக்கி உரிக்கவேண்டியதில்லை.

கீல், பல்சக்கரம், 45 சுற்றுத் தட்டுக்கான நடுவளையம் போன்ற பிளாஸ்டிக் பாகங்களை இன்று முப்பரிமாண அச்சில் செய்துவிடலாம். பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைகளுக்கு அது ஒரு மாலை வேலை. ஊசியைத் தாங்கும் கையை மெதுவாக இறக்கும் நெம்புகோலில் தேனைவிடக் கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். அது வழிந்துபோனால் ஊசி தொப்பென்று விழும். அதற்கும் பாகம் வேண்டாம், எண்ணெய் போதும். ஊசிக்கு மட்டும் மலைக்கவேண்டாம். ஷ்யூர் நிறுவனம் 2018இல் ஊசித் தொழிலை விட்டு விலகினாலும், ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் ஜிகோ என்ற நிறுவனம் பல பழைய மாதிரிகளுக்கு மாற்று ஊசி செய்கிறது. 1873இல் தையல் ஊசியில் தொடங்கிய தொழில் அது.

கடைசி வழி, உறுப்பு தானம். ஒரே மாதிரியின் இரண்டு செத்த பெட்டிகளிலிருந்து ஒரு உயிருள்ள பெட்டி. முன்பெல்லாம் இதற்கு நமக்குச் சுங்கை சாலைச் சந்தை இருந்தது. 'திருடர் சந்தை' என்ற பெயர் கெட்ட பெயர்தான். ஆனால் எண்பது ஆண்டுபோல இந்த ஊரின் பழைய பொருளெல்லாம் வந்து இளைப்பாறிய இடம். மூடி இல்லாத டர்ன்டேபிள், கை இல்லாத டர்ன்டேபிள், வெறும் தட்டு மட்டும். பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரர்கள் வீடு வீடாக வாங்கியது அங்கே தரையில் விரித்த தார்ப்பாயில் வந்து சேரும். 2017 ஜூலை 10ஆம் தேதி அது கடைசியாக நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பக்கத்தில் ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையம் திறந்தது. ஊர் வளர்வதில் எனக்குக் கோபம் இல்லை. நானும் அந்த ரயிலில்தான் வருகிறேன். சென்னைக்காரர்களுக்கு 1985 மே மாதத்தில் தீக்கு இரையான மூர் மார்க்கெட் எப்படியோ, எங்களுக்குச் சுங்கை சாலை அப்படி. சந்தை போனதும், 'எந்தப் பொருள் எங்கே கிடைக்கும்' என்று தலைக்குள் வைத்திருந்த மனிதர்களும் கலைந்துபோனார்கள். தார்ப்பாயை இன்னொரு இடத்தில் விரிக்கலாம். அந்த அறிவை விரிக்க இடம் இல்லை.

இரண்டு தோல்விகள்

வெற்றிக் கதையை மட்டும் சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும். இரண்டு தோல்வியைச் சொல்கிறேன்.

டெனான், சோனி இரண்டும் தங்கள் பல மாதிரிகளில் ஒரு கெட்டிக்கார வேலை செய்தன. தட்டின் உள்விளிம்பில் காந்தப் பூச்சு பூசி, ஒலிநாடாவில் பதிவதுபோல் அதில் துடிப்புகளைப் பதிந்துவைத்தன. காந்தத் தலை ஒன்று அதைப் படித்து வேகத்தைச் சொல்லும். நான் முன்னே சொன்ன 'கண்' இதுதான். இந்த வகைப் பெட்டி ஒன்று என்னிடம் வந்தபோது, கழற்றிய தட்டைப் பழைய ஒலிபெருக்கி ஒன்றின்மேல் சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். ஒலிபெருக்கியின் முதுகில் எவ்வளவு பெரிய காந்தம் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்று தோன்றவில்லை. தொழிற்சாலையில் பதிந்த துடிப்பு அந்த இடத்தில் அழிந்துபோனது. வீட்டில் மறுபடி பதிய வழியில்லை. சுற்றுக்கு ஒருமுறை தட்டு அந்த இடத்தில் திடுக்கிடும். ஒரு சின்ன வேலைக்காக வந்த பெட்டியை நானே கொன்றேன். அதே மாதிரியின் இன்னொரு தட்டு கிடைக்க எனக்கு இரண்டு ஆண்டு ஆனது.

இரண்டாவது தோல்வி அதற்கும் முந்தியது; என் இருபதுகளில் நடந்தது. என் மாமா ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார். யோக்கோஹாமாவிலிருந்து ஒரு டர்ன்டேபிள் வாங்கிவந்தார். குடும்பமே கூடி உட்கார்ந்தது. பாட்டிக்காகக் கந்த சஷ்டி கவசத் தட்டும் தயார். நான் செருகியை மாட்டினேன். விளக்கு ஒரு கணம் பிரகாசமாக எரிந்தது, ஒரு மணம் வந்தது, அவ்வளவுதான். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நமக்கு 230. மின்னழுத்தம் 2.3 மடங்கு ஆனால், வெப்பமாக மாறும் ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல் போகும். மின்மாற்றியின் சுருள் வெந்துவிட்டது. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் என்னை இந்தத் தொழிலுக்கு அனுப்பியது.

இதை ஏன் சொல்கிறேன்? ஜப்பானியப் பழம்பெட்டிகள் இப்போது கப்பல் கப்பலாக வெளியே வருகின்றன. இணையத்தில் வாங்குகிறீர்கள், டோக்கியோவுக்குச் சுற்றுலா போனவர் தூக்கிக்கொண்டு வருகிறார். அப்படி வரும் பெட்டிகள் இறப்பதற்கு முதுமையைவிட இந்த ஒரு நிமிட அவசரம் பல நேரம் காரணமாகிறது. 230ஐ 100 ஆக இறக்கும் மின்மாற்றி ஒன்று வாங்கினால் போதும். 50, 60 ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். பழைய பெல்ட் பெட்டி பலவற்றில் அது வேகத்தைக் கெடுக்கும், டைரக்ட் டிரைவ் தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கேட்டுக்கொள்வது

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கணக்கில், இந்த ஊரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. 2021 ஜூலை முதல் அதைச் சேகரிக்கச் சட்டப்படி ஏற்பாடும் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் மறுசுழற்சி என்பது ஒரு பெட்டியைச் செம்பாகவும் அலுமினியமாகவும் பிளாஸ்டிக்காகவும் பார்ப்பது. எனக்கு அதில் ஒரு கிலோ அலுமினியம் வேண்டாம். அந்த வடிவத்தில் வார்த்த அந்தத் தட்டு வேண்டும். உருக்கிவிட்டால் அது போனதுதான்.

பழுதுபார்ப்பதைச் சொல்லிக்கொடுக்க இங்கே ஆள் இல்லை என்றும் சொல்லமுடியாது. 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாம் இயக்கத்தில், தொண்டூழியர்கள் குடியிருப்பாளர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவர்கள் கையாலேயே மின்விசிறியையும் ரைஸ் குக்கரையும் திறக்கவைக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, 'கொடுத்துவிட்டுப் போங்கள்' என்று சொல்லாமல் 'உட்காருங்கள்' என்று சொல்வது. டர்ன்டேபிளுக்கும் நமக்கு அது வேண்டும். தமிழ்த் தட்டு வைத்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் திறக்கத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் பத்துப் பேர் வந்தால் போதும். என் மேசையின் மறுபக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. செத்த பெட்டியை வீசாதீர்கள். அது இன்னொரு பெட்டியின் உயிர். பழுதுபார்த்தால் என்ன செய்தீர்கள், எந்த எண்ணுக்குப் பதில் எந்த எண் மாட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, பெட்டியின் அடிமூடிக்குள் ஒட்டிவையுங்கள். இருபது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு அதைவிடப் பெரிய உதிரிப்பாகம் இல்லை. மூன்றாவது, இன்றிரவே செய்யக்கூடியது. வீட்டுக்குப் போனதும் அலமாரி உச்சியிலிருந்து அந்தப் பெட்டியை இறக்குவீர்கள், எனக்குத் தெரியும். செருகியை மாட்டாதீர்கள். முதலில் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.